தாழ்த்தியது யார்? எழுவாய் இல்லாத வாக்கியங்களின் வரலாறு

பேரிகையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு ஒரு தம்பி கடிதம் ஒன்றோடு வந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர். அவரிடம் விளக்கம் கேட்டு நிர்வாகம் கொடுத்த நோட்டீஸ் அது. அவர் மீது புகார் பெறப்பட்டிருக்கிறது, ஒழுங்கீனமாக நடந்துகொண்டது கவனிக்கப்பட்டிருக்கிறது, மூன்று நாளில் பதில் தராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் பொருள் பார்த்துப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"எல்லா வார்த்தையும் புரியுதுக்கா. ஆனா யாரு புகார் குடுத்தாங்கன்னு மட்டும் தெரியல. நான் எதையாவது விட்டுட்டனா?"

அவர் எதையும் விடவில்லை. விட்டது கடிதம் எழுதியவர்கள். அன்றைக்கு எடுக்க நினைத்திருந்த பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எடுத்தோம். நம் வரலாற்றைப் படிக்க இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு உதவுகின்றன என்பது எங்களுக்கே அன்றுதான் முழுதாக உறைத்தது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழி புதிதல்ல. பலருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். கம்பெனிக்குள் போனால் இந்தியும் ஆங்கிலமும். இவர்களைப் பயமுறுத்துவது ஆங்கிலத்தைவிட அதன் இலக்கணப் பெயர்கள்தான். சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்றதும் முகம் வாடிவிடும். ஆனால் இவை தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்தவைதாம். சப்ஜெக்ட் என்பது எழுவாய். ஆப்ஜெக்ட் என்பது செயப்படுபொருள். வெர்ப் என்பது வினை. பாசிவ் வாய்ஸ் என்பது செயப்பாட்டுவினை. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. அதை இடித்துக் காட்ட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

'பாசிவ்' என்ற சொல், துன்பத்தைத் தாங்குவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் செயப்பாட்டுவினையை உண்டாக்கும் துணைவினையும் 'படு'தான். அடிக்கப்படு, விரட்டப்படு, ஒதுக்கப்படு. இந்த வாக்கியத்தில் பட்டவர் முன்னால் நிற்பார், செய்தவர் மறைந்துகொள்ளலாம். "அவரைச் சுப்பன் அடித்தான்" என்பதில் சுப்பனை ஒளிக்க முடியாது. "அவர் அடிக்கப்பட்டார்" என்றால் சுப்பன் வீட்டுக்குப் போய்விடலாம், வாக்கியம் முழுமையாகவே இருக்கும்.

இந்தக் கருவியோடு, நமக்கு மற்றவர்கள் வைத்த பெயர்களைப் பார்ப்போம்.

'தீண்டத்தகாதவர்' என்ற சொல்லில் தீண்ட மறுத்தவன் இல்லை. தகுதியில்லாதவர் என்று குற்றம் நம் மேலேயே விழுகிறது. ஆங்கிலத்தின் 'அன்டச்சபிள்' சொல்லும் இதையேதான் செய்கிறது. 'பஞ்சமர்' என்பது வெறும் எண்ணிக்கை, ஐந்தாமவர். எண்ணியது யார் என்று சொல்லாது. 'ஹரிஜன்' என்பதை ஹரியின் மக்கள் என்று விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. அங்கும் நாம் இன்னொருவரின் உடைமை. அம்பேத்கர் அந்தப் பெயரை ஏற்கவில்லை.

'தாழ்ந்தவர்', 'தாழ்த்தப்பட்டவர்' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுப் போராட்டமே இருக்கிறது. தாழ்தல் தன்வினை: தானாகவே கீழே போனது போன்ற தொனி. தாழ்த்துதல் பிறவினை: இன்னொருவர் கை இருக்கிறது. அரசு ஆவணங்களில் வந்த 'டிப்ரஸ்ட் கிளாசஸ்' என்பதில் 'டிப்ரஸ்ட்' என்பது பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது தமிழில் 'தாழ்த்தப்பட்ட' என்னும் பெயரெச்சம். அது செய்தவரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் செய்தவர் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொண்டது. 'தலித்' என்ற சொல்லும், நொறுக்கப்பட்ட என்ற பொருளில், இதே வகைதான். 1972இல் மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர்கள் அதைத் தாமே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டபோது, நொறுக்கியது யார் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே இன்னொரு வழி திறந்தது: பெயரை நாமே வைத்துக்கொள்வது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக எறிந்த சொல்லை முகப்பில் எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பின்னர் 'தமிழன்' ஆனது. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்பதை அரசு ஏற்றது. இந்தப் பெயர்களில் 'பட்ட' இல்லை. எல்லாம் எழுவாயாக நிற்கும் பெயர்கள்.

இவர்களின் குரல் நம் பகுதிக்கு வெகு அருகில் ஒலித்தது. பேரிகையிலிருந்து மாஸ்தி, மாலூர் வழியாகப் போனால் கோலார் தங்கவயல். அன்றைய சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து சுரங்கத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பண்டிதரின் பௌத்த சங்கம் அங்கே வேர்விட்டது, அவருடைய எழுத்துகள் அங்கே அச்சாகின.

ஆங்கிலம் அவர்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே தனியாக உட்கார்ந்து படித்ததை இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1893இல் 112 அடி நீளமும் 3412 கையெழுத்தும் கொண்ட ஒரு மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முன்நின்றார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆதிக்கச் சாதிகளே அதிகாரத்தை நிரப்பிக்கொள்ளும் என்பது அதன் வாதம். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து கற்ற இலக்கணம் அது.

இனி சட்டத்துக்கு வருவோம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றது. இன்று அது 17ஆம் பிரிவு. ஆங்கில மூலத்தைப் படித்தால் அதன் முதல் வாக்கியம் செயப்பாட்டுவினை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது. கடைப்பிடிப்பவர் யார் என்று அதில் இல்லை. அடுத்த வாக்கியத்தில்தான் 'ஷல்' வருகிறது: அது தண்டிக்கத்தக்க குற்றமாகவே இருக்கும் என்ற கட்டாயம். அந்த 'ஷல்'லை நிறைவேற்றும் சட்டம் 1955இல் வந்தது.

இடையில் எத்தனையோ செயப்பாட்டுவினைகள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்த வாக்கியத்தில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. எரித்தவர் யார் என்ற இடம் தீர்ப்பிலும் காலியாகவே நின்றது.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திறந்தால் வாக்கியமே மாறுகிறது. மூன்றாம் பிரிவு 'ஹூஎவர்' என்று தொடங்குகிறது: பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத எவர் ஒருவர். எழுவாய் வந்துவிட்டது. செய்பவரை அவருடைய சமூக இடத்தோடு சேர்த்து வாக்கியத்தின் தலையில் நிறுத்துகிறார்கள். அதனால்தான் புகாரில் "நான் தாக்கப்பட்டேன்" என்று மட்டும் எழுதினால் வழக்கு அங்கேயே பலவீனமாகிறது. யார், எந்தச் சமூகம், எங்கே, என்ன சொல்லி, யார் பார்க்க என்று எழுத வேண்டும்.

சிறு சொற்களையும் விடாதீர்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய இடம் 'பொதுப் பார்வைக்குள்' இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பொது இடமும் பொதுப் பார்வையும் ஒன்றல்ல என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டு வாசலே ஆனாலும் தெருவில் இருப்பவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வைதான். 'பொது' என்ற அடைமொழி எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டுகிறது என்பதில் வழக்கு நிற்கிறது.

எங்களைப் போன்ற எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. பட்டியலில் ஒரு சாதியைச் சேர்க்கும் 341ஆம் பிரிவு 'அந்த மாநிலத்தைப் பொறுத்து' என்கிறது. பழங்குடிகளுக்கான 342ஆம் பிரிவிலும் இதே தொடர்தான். இதை வைத்தே, மாநிலம் மாறிப் போனால் பட்டியல் உரிமை கூடவே வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாலூரிலிருந்து பேரிகைக்குக் குடிவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தச் சிறு தொடரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலம் வந்தால் சாதி ஓடிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நன்றாக ஆங்கிலம் பேசும் சாதி வெறியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நம்மைப் பற்றிய சட்டமும் நோட்டீசும் தீர்ப்பும் அந்த மொழியில் இருக்கும்வரை, அதில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் அளவுக்காவது நமக்கு இலக்கணம் வேண்டும்.

தம்பியின் பதிலை அன்றிரவே எல்லோரும் சேர்ந்து எழுதினோம். புகார் கொடுத்தவர் யார்? எந்தத் தேதியில் கொடுத்தார்? நான் என்ன செய்ததாகச் சொல்கிறார்? அதைக் கவனித்தவர் யார்? புகாரின் நகலைத் தாருங்கள். ஐந்து வரி, எல்லாம் ஆக்டிவ் வாய்ஸ். நிர்வாகத்திடமிருந்து இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம், நீங்களும் செய்து பாருங்கள். இந்த வாரச் செய்தித்தாளில் நம் மக்களைப் பற்றி வந்த ஒரு செய்தியை எடுங்கள். அதில் 'பட்ட', 'பட்டார்' வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் எழுவாயை எழுதுங்கள்.

ஜெய் பீம்!