கோலார் தூசியும் நுரையீரலை அளக்கும் நேரமும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், சுரங்கத்தின் அடியாழத்தில் பாறை துளைத்தனர். தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் பொதிந்திருந்ததால், துளைக்கும்போது எழுந்த சிலிக்காத் தூசி அவர்களின் நுரையீரலில் படிந்தது. அது முதலில் அழற்சியையும், பின்னர் மாறாத தழும்பையும் உண்டாக்கியது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயை மைசூர் அரசு 1940இல் இழப்பீட்டுக்குரியதாக்கியது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பது தெரிந்தது.

அன்று நோயை அறியப் பயன்பட்ட முதன்மைக் கருவி எக்ஸ்ரே. அது பெரும்பாலும் தழும்பு விழுந்த பிறகே நோயைக் காட்டும். அப்போது மருத்துவம் செய்வதற்கு அதிகம் இராது. தழும்புக்கு முந்தைய அழற்சியை அளக்க முடியுமா என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கேள்வி.

அதற்கு விடை தேடி எலிகளின் நுரையீரலில் சிலிக்காவைச் செலுத்தி ஆராய்கின்றனர். திசுவை நுண்ணோக்கியில் காண, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு எலிகளைக் கொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. மூலமோ ஒரே எலியை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். அழற்சியால் திசுவில் நீர் கூடும்போது சமிக்ஞையும் கூடும். படத்தின் வெளிர்மையோடு நில்லாமல், அணுக்கருக்கள் தளர்வடையும் நேரத்தை எண்ணாகவே கணக்கிடுவது அளவுசார் எம்.ஆர்.ஐ.

இங்கே இரண்டு இடர்கள் உள்ளன. காற்றறைகள் நிறைந்த நுரையீரலின் சமிக்ஞை, வலிய காந்தப்புலத்தில் ஒரு மில்லிவிநாடிக்குள் மங்கிவிடும். மேலும், எலியின் மார்பு மூச்சால் அசைந்துகொண்டே இருக்கும். அளவுசார் முறைக்கோ ஒரே இடத்தைப் பலமுறை படமெடுக்க வேண்டும். நேரம் நீள நீள மயக்க மருந்தின் சுமையும் கூடும். இதனாலேயே விரைவு முறைகள் தேவைப்பட்டன. மீக்குறு எதிரொலி நேர முறை, சமிக்ஞை மங்குமுன் அதைப் பதிவு செய்கிறது. 2007இல் எம்.ஆர்.ஐ.க்கு வந்த நெருக்கிய உணர்வு முறை, குறைந்த தரவிலிருந்து முழுப்படத்தை மீட்கிறது. 2013இல் வெளியான காந்த ஒத்ததிர்வுக் கைரேகை முறை, ஒரே பதிவிலிருந்து பல தளர்வு அளவுகளைத் தருகிறது.

கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. கல் உடைப்போரையும் செதுக்குவோரையும் அதே தூசி இன்றும் தாக்குகிறது; நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. மருந்தொன்று பலனளிக்கிறதா என்பதைத் தழும்பு விழும்வரை காத்திராமல் அறியவே இந்த விரைவு பயன்படும். தூசியைத் தடுக்கும் பொறுப்பை அது யாரிடமிருந்தும் நீக்காது.