ஒளிப்படக் கட்ட அமைப்பு

ஒளிப்படக் கட்ட அமைப்பு என்பது பல ஒளிப்படங்களை ஒரே பக்கத்திலோ திரையிலோ, முன்கூட்டியே வகுத்துக்கொண்ட பத்திகள், வரிசைகள், இடைவெளிகளின்படி அடுக்கும் முறை. வடிவமைப்பாளர்கள் பேச்சில் இதைக் ‘கிரிட்’ என்பார்கள். பத்தியின் அகலம், படங்களுக்கு நடுவிலான இடைவெளி, பக்கத்தின் ஓரம் ஆகிய மூன்றையும் முதலிலேயே தீர்மானித்துவிட்டால், புதிதாக ஒரு படம் சேரும்போது அதை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் படம் சேர்த்துக்கொண்டே போகும் தனிநபர் ஒளிப்படத் தளங்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்துகிறது.

வரலாறு

ஒளிப்படக்காரர்களுக்குக் கட்டம் புதிதல்ல. 35 மி.மீ. பிலிம் காலத்தில் 36 படங்கள் கொண்ட சுருளை ஆறு ஆறு படங்களாக வெட்டி, பட்டைகளை ஒரே தாளின் மேல் வரிசையாகப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி அச்செடுப்பார்கள். கான்டாக்ட் ஷீட் எனப்பட்ட அந்தத் தாளில் ஒவ்வொரு படமும் 24 × 36 மி.மீ. அளவில் இருக்கும். எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் அருகருகே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

அச்சு வடிவமைப்பில் கட்டத்தை ஒரு முறையியலாக வளர்த்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். யான் சிசோல்ட் என்ற ஜெர்மானியர் 1928இல் வெளியிட்ட ‘புதிய அச்சுக்கலை’ நூல் அதற்கு முன்னோடி. ஜூரிக்கைச் சேர்ந்த யோசஃப் முல்லர்-புரோக்மன் உள்ளிட்ட நால்வர் 1958 முதல் 1965 வரை நடத்திய ‘நோயே கிராஃபிக்’ இதழ் அந்தக் கொள்கையை ஒவ்வொரு பக்கத்திலும் செய்துகாட்டியது. முல்லர்-புரோக்மன் 1981இல் எழுதிய கட்ட அமைப்பு நூல் வடிவமைப்பு மாணவர்களின் பாடநூலாக இன்றும் நிலைத்திருக்கிறது.

கட்டத்தையே கலையாக்கியவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர். தண்ணீர்த் தொட்டிகள், எரிவாயுக் கலன்கள், ஊதுலைகள் ஆகியவற்றை 1959 முதல் பல பத்தாண்டுகள் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். மேகமூட்டமான வானத்தின் கீழ், பொருளை நடுவில் நிறுத்தி, ஒரே சீரான கோணத்தில் எடுப்பது அவர்கள் வழக்கம். அந்தப் படங்களை மூன்றுக்கு மூன்று போன்ற கட்டங்களாகச் சுவரில் மாட்டினார்கள். தனியாகப் பார்த்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டிதான். ஒன்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒன்றின் கூரை குவிந்திருப்பதும், இன்னொன்றின் கால்கள் மெலிந்திருப்பதும் கண்ணில் படும். கட்டம் ஒப்பிட வைக்கிறது. 1990இல் வெனிஸ் கலைக்கண்காட்சியில் இவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருது கிடைத்தது.

இணையத்தில் 2008இல் வந்த ‘960 கிரிட்’ முறை, 960 பிக்சல் அகலத்தைப் பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்துக் கொடுத்தது. திரைக்கேற்ப விரிந்து சுருங்கும் வடிவமைப்பைப் பற்றி ஈதன் மார்காட் 2010இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நிலையான அகலம் என்ற எண்ணம் வலுவிழந்தது. 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இணையப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சி.எஸ்.எஸ். கிரிட் வசதியை ஏற்றுக்கொண்டன. அதுவரை பலவகைக் குறுக்குவழிகளில் செய்ததை அதன் பிறகு நாலைந்து வரிக் குறிமுறையில் செய்ய முடிந்தது.

சதுரக் கட்டம்

எல்லாப் படங்களையும் ஒரே அளவுச் சதுரமாக்குவது எளிய வழி. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் 2015 வரை சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. மூன்று பத்திச் சதுரக் கட்டம் அதன் அடையாளமாகவே ஆனது. பக்கம் சுத்தமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 3:2 விகிதத்தில் எடுத்த படத்தைச் சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடற்கரைப் படம் ஒன்றில் இடது ஓரத்தில் மீனவர் வலையை உதறுகிறார், வலது ஓரத்தில் படகு சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சதுரம் வெட்டினால் இரு பக்கமும் ஆறில் ஒரு பங்கு குறையும். மீனவரும் இல்லை, படகும் இல்லை. மணலும் அலையும் மட்டும் மிஞ்சும். படம் எடுத்தவர் சட்டகத்துக்குள் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது. அதைப் பக்கத்தின் அழகுக்காக வெட்டுவது தவறு.

பத்தியா, வரிசையா

வெட்டாமல் அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகலத்தைச் சமமாக்கி உயரத்தை விட்டுவிடுவது. செங்கல் அடுக்குவது போல இருப்பதால் இதை ‘மேசன்ரி’ என்கிறார்கள். மற்றொன்று, ஒரு வரிசையில் உள்ள படங்களின் உயரத்தைச் சமமாக்கி அகலத்தை விட்டுவிடுவது.

இரண்டுக்கும் ஓரவஞ்சனை உண்டு. 3:2 விகிதத்தில் கிடைவாக்கில் எடுத்த படத்தையும் நெடுக்காக எடுத்த படத்தையும் சம அகலத்தில் வைத்தால், நெடும்படம் கிடைப்படத்தைப் போல 2.25 மடங்கு பரப்பை எடுத்துக்கொள்ளும். சம உயரத்தில் வைத்தாலோ கிடைப்படத்துக்கு அதே 2.25 மடங்கு கிடைக்கும். ஆகவே எந்தவகைப் படம் அதிகம் முக்கியமோ அதைப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேசன்ரியில் இன்னொரு சிக்கல்: அடுத்த படம் எந்தப் பத்தி குட்டையாக இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். பயணத்தை நாள்வாரியாகச் சொல்ல நினைப்பவருக்கு வரிசை குலைந்துவிடும்.

சம உயர வரிசையின் கணக்கு எளிது. ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் அதன் உயரத்தால் வகுத்து, வரும் எண்களைக் கூட்ட வேண்டும். மொத்த அகலத்தில் இடைவெளிகளைக் கழித்து, மிஞ்சியதை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரிசையின் உயரம் வந்துவிடும். 1200 பிக்சல் அகலத்தில் 12 பிக்சல் இடைவெளியுடன் ஒரு கிடைப்படம், ஒரு நெடும்படம், ஒரு சதுரப் படம் வைத்தால் உயரம் ஏறக்குறைய 371 பிக்சல்.

ஆறில் ஒரு பங்கு

நெடும்படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிடைப்படங்களை மேலும் கீழுமாக வைப்பது ஒளிப்படப் பக்கங்களில் அடிக்கடி வரும் தேவை. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நேர்கோட்டில் நிற்காவிட்டால் பக்கம் தள்ளாடுவது போலத் தோன்றும். 384 பிக்சல் பத்தியில் 24 பிக்சல் இடைவெளி விட்டால் இரு கிடைப்படங்களும் சேர்ந்து 536 பிக்சல் உயரம் வரும், நெடும்படம் 576. இந்த 40 பிக்சலை மறைக்கத்தான் பலர் படத்தை வெட்டுகிறார்கள்.

வெட்டத் தேவையில்லை. இடைவெளியை மாற்றினால் போதும். 3:2 படங்களுக்கு, இடைவெளி பத்தி அகலத்தில் ஆறில் ஒரு பங்காக இருந்தால் எல்லாம் தானாகப் பொருந்தும். பத்தி 360, இடைவெளி 60 என்று வைப்போம். கிடைப்படத்தின் உயரம் 240. இரண்டும் இடைவெளியும் சேர்ந்து 540. நெடும்படத்தின் உயரமும் 540. மூன்று பத்திகளும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்தால் சரியாக 1200 பிக்சல். 60 பிக்சல் வெளி முதலில் தாராளமாகத் தோன்றும். ஆனால் படங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் மூச்சுவிட அதுவே இடம் தருகிறது.

கைபேசிகளில் வழக்கமான 4:3 விகிதத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. 360 பிக்சல் பத்தியில் கிடைப்படத்தின் உயரம் 270, நெடும்படத்தின் உயரம் 480. இடைவெளியே விடாமல் அடுக்கினாலும் இரண்டு கிடைப்படங்கள் 540 ஆகி நெடும்படத்தைத் தாண்டிவிடும். இடைவெளியே இல்லாமல் பொருந்தக்கூடிய ஒரே விகிதம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.414. ஏ4 தாளின் விகிதமும் அதுவே. 3:2 அதற்குச் சற்று மேலே நிற்கிறது, 4:3 சற்றுக் கீழே. ஆகவே கைபேசிப் படங்களுக்குச் சம உயர வரிசையே நல்லது. கேமராப் படங்களையும் கைபேசிப் படங்களையும் ஒரே அடுக்கில் கலக்காமல் தனித்தனி வரிசைகளில் வைப்பது இன்னும் நல்லது.

பின்னணியும் குறிப்பும்

கறுப்புப் பின்னணியில் படம் வெளிச்சமாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் இருண்ட பகுதிகள் மேலும் இருண்டு தெரியும். வெளிர்சாம்பல் இரண்டுக்கும் நடுவே நிற்கும். எதை எடுத்தாலும் தளம் முழுவதும் ஒன்றே இருக்கட்டும். நிழல், வளைந்த மூலை, கோட்டுச் சட்டம் ஆகியவை படத்தோடு போட்டி போடுபவை, தவிர்ப்பதே மேல்.

தமிழில் படக்குறிப்பு எழுதுவோர் கவனிக்க வேண்டியது, நம் சொற்களின் நீளம். ‘திருவண்ணாமலையிலிருந்து’ என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இருபுறமும் சமமாக நிரப்பச் சொன்னால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். இடதுபுறம் மட்டும் நேராக வைத்து, வலதுபுறத்தை விட்டுவிட வேண்டும். ‘கீ’யின் கொக்கி மேலேயும் ‘மூ’வின் சுழி கீழேயும் நீள்வதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடமும் வேண்டும்.

கைபேசித் திரையில்

ஒவ்வொரு படத்தின் அகல உயரத்தையும் குறிமுறையில் முன்பே எழுதிவைத்தால், படம் இறங்கும் முன்பே உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவிடும். படிக்கிறவரின் விரலுக்குக் கீழே பக்கம் துள்ளாது. 360 பிக்சல் இடத்துக்கு 720 பிக்சல் படத்தைத் தருவது வழக்கம், ஏனென்றால் அடர்த்தி மிகுந்த திரைகள் குறைந்தது இரட்டிப்புப் புள்ளிகளைக் கேட்கும்.

சிறிய திரையில் மூன்று பத்தியும் ஒன்றாகிவிடும். கணினியில் அருகருகே நின்று பேசிக்கொண்ட இரு படங்கள் இங்கே மேலும் கீழுமாகப் பிரியும். சி.எஸ்.எஸ். கிரிட்டில் எந்தப் படத்தையும் எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம் என்றாலும், ஒற்றைப் பத்தியில் செல்லுபடியாவது பெரும்பாலும் கோப்பில் எழுதிய வரிசைதான். அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒற்றைப் பத்தியாகவே படங்களை அடுக்கி, எதற்குப் பின் எது வரவேண்டும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பெரிய திரைக்கான கட்டத்தை வரைகிறார்கள்.