21 இறாத்தல் துவக்கும் வடக்கின் யானைகளும்

மருதனார்மடத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களில் பலர் ஆனையிறவைக் கடந்துதான் போகிறார்கள். பெயரில் ஆனை இருக்கிறது, அந்த வெட்டையில் ஆனை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது உப்பளம், அல்லது யுத்தம். உண்மையில் அது ஒரு வியாபாரத்தின் பெயர். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழமில்லாத கடனீரேரிக்குள் இறக்கி, குடாநாட்டுக்குள் நடத்திக்கொண்டு வந்து, ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்கள். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோதும், ஒல்லாந்தர் 1658இல் அவர்களிடமிருந்து பறித்தபோதும், இந்த வியாபாரம் பெரிய வருமானமாக இருந்தது. வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்ததும் யானைதான்.

இதில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை நாங்கள் ஏறக்குறைய மறந்துவிட்டோம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், பணிக்கர் என்ற யானை பிடிகாரர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த சோனக ஊர்களில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் துவக்கு இல்லை. மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த வார்க்கயிறு ஒன்றுதான் ஆயுதம். இரண்டு பேர் சத்தமில்லாமல் பின்னால் ஊர்ந்துபோய், யானை பின்னங்காலைத் தூக்கும் கணத்தில் சுருக்கைப் போட்டு, கயிற்றின் மறுநுனியை அருகில் நிற்கும் மரத்தில் சுற்றிவிடுவார்கள். யானை உயிரோடு இருந்தால்தான் காசு. ஆகவே அதைக் காயப்படுத்தாமல் பிடிப்பதுதான் தொழிலின் திறமையே.

ஆங்கிலேயர் காலத்தில் இது தலைகீழாகியது. யானை கொல்லுவது விளையாட்டாகியது. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக ரெனன்ற் எழுதுகிறார். கப்டன் கல்வே அதில் பாதிக்கு மேல். வீதிகள் போட்ட மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அதே அளவு. தந்தத்துக்காகக் கொன்றார்கள் என்று நினைக்கவேண்டாம். இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்று ரெனன்றே சொல்கிறார். (றொஜேர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் பின்னர் மின்னல் தாக்கியது என்று ஒரு கதை உண்டு. மலைநாட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் கேட்டிருப்பீர்கள்.)

இவர்களில் துவக்கைப் பற்றி அதிகம் யோசித்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறியவர். அவர் இலங்கைக்கு வருமுன்பே, 1840இல், தானே வரைபடம் போட்டு பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் ஒரு றைபிள் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். ஒரு வெடிக்குப் போடும் மருந்து 16 டிராம், அதாவது 28 கிராம். இந்த மருந்தளவைக் கேட்டுத் துவக்குத் தொழில் செய்பவர்களே இது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்களாம்.

எங்கள் தலைமுறை பார்க்காத ஆயுதம் இல்லை, ஆகவே ஒப்பிட்டே சொல்கிறேன். ரி-56 துவக்கின் சன்னம் 8 கிராம். பேக்கரின் உருண்டைக் குண்டு 85 கிராம். துவக்கின் எடையும் ரி-56ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். குண்டு முன்னால் போகும் அதே உந்தம் துவக்கைப் பின்னால் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படிக்கும் பிள்ளைக்கு இது விளங்கும். துவக்கு பாரமாக இருந்தால் உதைக்கும் வேகம் குறையும், தோள்மூட்டு தப்பும்.

ஏன் இவ்வளவு பெரிய குண்டு? யானையின் நெற்றி எலும்பு முழுக்கட்டியானது அல்ல, தேன்கூடு போல அறையறையாக இருக்கும். மூளை அதற்குப் பின்னால், ஆழத்தில், தலையின் பருமனோடு பார்த்தால் சிறிய இடத்தில் இருக்கிறது. அன்றைய கரிமருந்து ஈயக்குண்டை வினாடிக்கு 450 மீற்றர் அளவில்தான் தள்ளும். வேகத்தைக் கூட்ட முடியாதவன் எடையைக் கூட்டினான். ஈயம் மெதுமை, எலும்பில் பட்டால் சப்பளிந்துவிடும். அதனால் தகரமோ பாதரசமோ கலந்து வார்த்தார்கள். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தையும் சீக்கிரம் இழந்துவிடும். இவ்வளவு பெரிய துவக்கை வைத்துக்கொண்டும் பத்து, இருபது யார் தூரத்துக்குப் போய்த்தான் சுடவேண்டியிருந்தது. பணிக்கர் கயிற்றோடு போன தூரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தூரத்திலிருந்து சுடும் வித்தை பிறகுதான் வந்தது. புவியீர்ப்பு எந்தக் குண்டையும் விடாது. கால் வினாடி பறந்தால் 30 சென்ரிமீற்றர் இறங்கும், அரை வினாடி பறந்தால் 1.2 மீற்றர். ஆகவே தூரத்தை வெல்வது என்றால் பறக்கும் நேரத்தைக் குறைப்பது. 1884இல் பிரான்சில் வியேய் என்பவர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்த பிறகு அது கைகூடியது. அதற்கிடையில் பித்தளைத் தோட்டாவும் வந்துவிட்டது. மருந்து, குண்டு, பற்றவைக்கும் மூடி எல்லாம் ஒரே கூட்டுக்குள். (அதற்கு முந்தியது பல்லால் கடித்துக் கிழிக்கும் கடதாசித் தோட்டா. 1857இல் அதன் கொழுப்பு பன்றியுடையதா, பசுவுடையதா என்பதில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்ததை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.) 1898இல் றிக்பி கம்பனி வெளியிட்ட .450 தோட்டா 31 கிராம் சன்னத்தை வினாடிக்கு 655 மீற்றரில் அனுப்பியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்ட பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் தோட்டாவால் கொன்றார். சன்னம் வெறும் 11 கிராம். சுவரில் கல்லை எறிந்தால் காரைதான் உதிரும், ஆணியை அடித்தால் உள்ளே போகும். ஒடுங்கி நீண்ட, உலோக உறை போட்ட அந்தச் சன்னம் ஆணி போல ஊடுருவியது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்த மனிதர் அவர். பேக்கர் அவுன்ஸ் கணக்கில் தேடிய விடை, உடற்கூற்றிலும் சன்னத்தின் வடிவத்திலும் இருந்தது. கொலைத்தொழில் என்பதால் அதிலுள்ள அறிவை மறைக்க வேண்டியதில்லை. அறிவு இருந்தது என்பதற்காகக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை.

ஆனால் வடக்கின் யானைகளை அழித்தது இந்தப் பெரிய துவக்குகளா? வேட்டைக்காரரின் வீரக்கதைகளை மட்டும் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு வரி ரெனன்றின் நூலில் இருக்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. காரணம், தலைக்குச் சில சிலிங் என்று அரசாங்கம் அறிவித்த வெகுமதி. நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் என்று கணக்கு வருகிறது. 2011இல் வனஜீவராசிகள் திணைக்களம் எண்ணியபோது முழு இலங்கையிலும் இருந்தவை 5,879.

அந்த 3,500ஐப் பேக்கரின் தலையில் போட முடியாது. அவர் நுவரெலியாவில் குடியேறுமுன்பே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. றொஜேர்ஸ், கல்வே, ஸ்கின்னர் மூவரும் வாழ்நாள் முழுக்கச் சுட்டதைக் கூட்டினாலும் அந்த எண் வராது. வெகுமதிக்குச் சுடுபவனுக்கு 21 இறாத்தல் றைபிள் தேவையில்லை. ஒரு சாதாரண இடியன் துவக்கும், மறைந்திருக்கப் பொறுமையும் போதும். பயிரைக் காக்கவே வெகுமதி என்று சொல்லலாம், பயிர் அழிந்ததும் உண்மைதான். ஆனால் இருநூறு வருடங்களாக உயிரோடு பிடித்து விற்ற ஒன்றுக்கு, செத்தால் மட்டும் விலை என்று ஓர் அரசாங்கக் கடதாசி மாற்றி எழுதியது. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

வீண் கொலையைத் தடுக்கும் சட்டம் 1891இல் வந்தது, தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் 1937இல். அதற்குள் பணிக்கர் தொழிலும் ஒடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. றொஜேர்ஸுக்கு நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. பணிக்கர்களின் பெயர்கள் எங்கள் குடும்பங்களின் வாய்மொழியில்தான் எங்காவது மிச்சம் இருக்கவேண்டும். வாப்பாவோ மூத்தம்மாவோ அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்லக் கேட்டவர்கள், பழைய வார்க்கயிறு ஒன்றையேனும் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். பாடசாலை விடுமுறையில் நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.