ஐக்கியம் யாருக்காக? தரங்கம்பாடி அறிக்கையும் செஞ்சி நாடும்

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைத்து ஒரே கோட்டையாக்குகின்றன. அம்மதில்கள் வெளியாரைத் தடுப்பதற்கென எழுந்தவை. தென்னிந்தியத் திருச்சபைகளை இணைத்த ஐக்கியமோ வெளியில் இருப்போரை முன்னிட்டே எழுந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பழைய தென் ஆர்க்காடு மாவட்டத்தில் பல மிஷன்கள் உழைத்தன. ஸ்கடர் சகோதரர் 1853-இல் நிறுவிய ஆர்க்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. லீப்சிக், டேனிஷ் மிஷனரிகள் லுத்தரன் மரபினர். மிஷன்கள் தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டமையால் போட்டி குறைந்தது. ஆயினும் ஒருவர் எச்சபையைச் சார்ந்தவர் என்பதை அவரது நம்பிக்கையன்று, அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊரில் வாழும் ஒருவருக்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோன்றிய இப்பிரிவுகளால் விளையும் பயன் யாது?

இவ்வினாவின் கூர்மையை உணர்ந்தவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய அவ்வூரிலிருந்து அவர்கள் விடுத்த அறிக்கை, இந்தியாவுக்கு நற்செய்தி அறிவிக்கும் மாபெரும் பணியின்முன் பிரிவினைகள் தம்மை வலுவிழக்கச் செய்கின்றன என்றும், அப்பிரிவினைகள் வெளியிலிருந்து தம்மீது சுமத்தப்பட்டவை என்றும் எடுத்துரைத்தது. ஆகவே, ஐக்கியத்தின் வேர் நிர்வாக வசதியன்று, நற்செய்திப்பணியே என்பது தெளிவு.

ஆனால், அதன்பின் நடந்த பேச்சுகள் பேராயர் பதவி, குருத்துவ அபிஷேகம் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் சுழன்றன. ஆர்க்காடு மிஷன் சபைகளையும் உள்ளடக்கி 1908-இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளுடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது 1947 செப்டம்பர் 27 அன்றே. அறிக்கைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. 1945-இல் மறைந்த அசரியா அந்நாளைக் காணவில்லை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையும் அதில் சேரவில்லை. எனினும், 1969-இல் மதுரையில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு மரபினரும் இணைந்து ஊழியரைப் பயிற்றுவிக்க முன்வந்தனர்.

வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? யோவான் 17-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடரின் ஒருமைக்காக மன்றாடியது, உலகம் விசுவாசிக்கும்பொருட்டே. அயலகம் தந்த பிரிவுகளைப் பெருமளவு களைந்தோம். நம் மண்ணின் சாதிப் பிரிவினையைக் களைந்தோமா? ஒரே அப்பத்தில் பங்குபெற்றுத் தெருவில் பிரிந்து வாழும் சபையைக் காணும் அயலார் எந்த நற்செய்தியைக் கேட்பர்? பலிபீடத்தில் நாம் அறிக்கையிடும் ஐக்கியம் ஊர்த் தெருவில் மெய்ப்பிக்கப்படும்போதே தரங்கம்பாடியில் தொடங்கிய பணி நிறைவுறும்.