இரண்டு மீன்களின் கதை

கல்கத்தாவில் நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் முதன் முதலாகக் கேட்ட கேள்வி என் ஊரைப் பற்றியதல்ல. நான் எழுதிய புஸ்தகங்களைப் பற்றியதும் அல்ல. "உங்களுக்கு எந்த மீன் பிடிக்கும்? இலீஷா, இறாலா?" என்று கேட்டார்.

நான் மீன் சாப்பிடுவதில்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

பெரியவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "ஐயோ பாவம்! அப்படியானால் உங்களுக்குக் கட்சியே கிடையாதா?" என்றார்.

ஏதோ அரசியலைப் பற்றிக் கேட்கிறார் போலும் என்று எண்ணி, "எழுத்தாளனுக்குக் கட்சி எதற்கு?" என்று சொல்லி வைத்தேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் கேட்டது கால்பந்துக் கட்சியை!

இது நடந்தது 2012-இல். ஊரின் பெயர் கொல்கத்தா என்று மாறி அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான். பெரியவரின் மகன் சென்னையில் ஒரு பாங்கியில் சில வருஷம் வேலை பார்த்தபோது எனக்குச் சிநேகிதரானவர். அவர்தான் விஷயத்தை விளக்கினார்.

வங்காளத்தின் மேற்குப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்டவர்களுக்குக் 'கோட்டி' என்று பெயர். திருநெல்வேலிக்காரனான எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். வங்காளியில் அது தண்ணீர்ச் செம்பாம். கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்குப் 'பாங்கால்' என்று பெயர். கோட்டிகளின் சங்கம் மோகன் பகான். அவர்கள் மீன், இறால். பாங்கால்களின் சங்கம் ஈஸ்ட் பெங்கால். அவர்கள் மீன், பத்மா நதியில் ஏறி வரும் இலீஷ். இரண்டு சங்கங்களும் மோதும் நாளில் எது ஜயிக்கிறதோ, அந்த மீனுக்கு மார்க்கெட்டில் கிராக்கி.

ஒருவன் தன் கால்பந்துக் கட்சியை எப்படித் தேர்ந்தெடுக்கிறான்? நாலு ஆட்டம் பார்த்து, எவர் நன்றாக ஆடுகிறாரோ அவர் பக்கம் சேர்ந்துகொள்வான்; கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குவதைப் போல என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் பத்து நாள் தங்கிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

கதை 1889-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி வட கல்கத்தாவில் மோகன் பகான் சங்கம் பிறந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1911 ஜூலை 29 அன்று, ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை அது சந்தித்தது. பட்டாளத்தார் எல்லோரும் பூட்ஸ் அணிந்திருந்தார்கள். நம்மவர்களில் ஒருவரைத் தவிரப் பத்துப் பேருக்கும் வெறுங்கால். முதல் கோலைப் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள்தாம். காப்டன் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். மைதானம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கர்ஸான் பிரபு 1905-இல் வங்காளத்தை இரண்டாகத் துண்டுபோட்டிருந்த காலம் அது. கேடயம் கிடைத்த அதே வருஷம் டிசம்பரில்தான் டில்லி தர்பாரில் அந்தப் பிரிவினை ரத்தாயிற்று. ஆகவே 1911-இல் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே இல்லை. சிப்தாஸ் பாதுரி கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர் என்பதையும் யாரும் பெரிதாக எண்ணவில்லை. அன்று வங்காளத்துக்கு ஒரே கட்சி.

அது ஒன்பது வருஷம் கழித்து உடைந்தது. உடைத்தது ஒரு சின்ன விஷயம். 1920 ஜூலை 28 அன்று கூச் பிஹார் கோப்பைக்காக ஜோராபகான் என்ற சங்கம் மோகன் பகானுடன் ஆடியது. ஜோராபகானில் சைலேஷ் போஸ் என்று ஒரு கெட்டிக்காரர் இருந்தார். கிழக்கு வங்காளத்துக்காரர். அன்று அவரைக் கோஷ்டியில் சேர்க்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. சங்கத்தின் உப தலைவரான சுரேஷ் சந்திர சௌதுரியும் கிழக்கத்தியர். அவர் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. 'கிழக்கத்தியான் என்பதால்தானே இந்த அலட்சியம்!' என்று மனம் நொந்து வெளியேறினார். மூன்றே நாள் இடையில் கழிந்தது. ஆகஸ்டு முதல் தேதி ஈஸ்ட் பெங்கால் சங்கம் பிறந்துவிட்டது.

1925-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி கல்கத்தா லீகில் இரு சங்கங்களும் முதல் தடவையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜயித்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. மோகன் பகானின் கோட்டைச் சுவராக இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர் கோஷ்ட பால். 'சீன மதில்' என்றே அவருக்குப் பட்டப் பெயர். கல்கத்தா மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பிறந்தது எங்கே தெரியுமா? கிழக்கே, பரீத்பூர் ஜில்லாவில்! பிறகு வந்த சுனி கோஸ்வாமி மோகன் பகானைத் தவிர வேறு எந்தச் சங்கத்துக்கும் ஆட மறுத்த மகா ரசிகர். அவர் பிறந்த கிஷோர்கஞ்சும் கிழக்கில்தான் இருக்கிறது. அதாவது, கோட்டிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய இருவருமே பிறப்பால் பாங்கால்கள்.

இதைப் பெரியவரிடம் சொல்லி, "அப்படியானால் ஊரும் பூர்விகமும் வெறும் பேச்சுத்தானே?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பதில் பேசவில்லை. பிறகு தம் கதையைச் சொன்னார்.

அவர் பாரிஸாலில் பிறந்தவர். 1950-இல் அங்கே கலகம் மூண்டபோது அவருக்கு வயது ஒன்பது. தகப்பனார் கலகத்தில் போய்விட்டார். தாயாரும் அண்ணனும் அவரும் உடுத்திய துணியோடு சியால்டா ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் சில வாரம் வாசம். அப்புறம் ஜாதவ்பூர்ப் பக்கம் அகதிகள் போட்டுக்கொண்ட காலனியில் ஒரு தகரக் கொட்டகை.

"ஒரு நாள் அண்ணன் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனான். டிக்கெட்டுக்குக் காசு ஏது? கோட்டைச் சரிவில் ஏறி நின்று பார்த்தோம். ஆட்டம் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் 'ஈஸ்ட் பெங்கால்! ஈஸ்ட் பெங்கால்!' என்று கூவினார்கள். வீட்டில் நாங்கள் ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா அழுவாள். இங்கே இத்தனை பேர் வெட்கமில்லாமல், பயமில்லாமல், அந்தப் பெயரைக் கத்துகிறார்களே என்று இருந்தது எனக்கு. நானும் கத்தினேன். தொண்டை கட்டிப் போயிற்று. அவ்வளவுதான். என் கட்சியை நான் எடுத்துக்கொண்டது அப்படித்தான்."

அவர் சொல்லாத ஒன்றை நான் பிறகு தேசப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிழக்கு வங்காளம் என்ற மாகாணத்துக்கு 1955-இல் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயரிட்டார்கள். 1971-இல் அது பங்களாதேஷ் ஆயிற்று. தேசப் படத்திலிருந்து அழிந்துபோன அந்தப் பெயர் ஒரு கால்பந்துச் சங்கத்தின் பலகையில் மட்டும் தங்கிவிட்டது. போக ஊர் இல்லாதவர்கள் அந்தப் பலகையின் கீழ் வந்து கூடினார்கள்.

அந்த நாளில் அவர்களுக்குக் கேடயம் வென்று கொடுத்தவர்கள் யார்? 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தைத் தட்டிக்கொண்டு வந்தது ஈஸ்ட் பெங்கால். முன்வரிசையில் ஆடிய ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என்று ஜனங்கள் அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், ஸாலே. ஒருவர்கூட வங்காளி இல்லை. ஐவரும் நம் தென்னாட்டுக்காரர்கள்! அவர்களிலும் அகமது கான் பெங்களூர் முஸ்லிம். ஸாலே மலையாள தேசத்து முஸ்லிம். ஹிந்து–முஸ்லிம் கலகத்தில் வீடு வாசலை இழந்து வந்த ஜனங்கள், தங்கள் மானத்தை இந்த இருவர் காலடியிலும் ஒப்படைத்துவிட்டுக் கூவினார்கள்.

"ஸாலே கோல் போட்டபோது அவர் என்ன மதம் என்று தோன்றியதா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"அவர் எங்கள் ஆள்" என்றார். அதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து லீகை ஜயித்த முகமதன் ஸ்போர்ட்டிங். லீகை முதன் முதலாக வென்ற இந்தியச் சங்கமே அதுதான். எங்கோ தூர தேசத்து ஊர்களில் இருந்த முஸ்லிம்கள்கூடக் கல்கத்தாவைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு அபிமானிகள் ஆனார்கள்.

அபிமானம் எல்லை மீறுவதும் உண்டு. 1975-இல் மோகன் பகான் ஐந்து கோல் வாங்கித் தோற்ற துக்கத்தில் ஒரு வாலிபர் உயிரை விட்டார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இரு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்ட நெரிசலில் பதினாறு பேர் இறந்தார்கள். அந்தத் தேதி வந்தால் கல்கத்தாவில் கால்பந்து அபிமானிகள் இன்றும் ரத்த தானம் செய்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரியவர் தலை நிமிரவில்லை.

அந்த வீட்டில் ஒரு பேரன். அப்போது எட்டு வயது. அவன் தாயார் கோட்டிக் குடும்பத்துப் பெண். பையன் யார் கட்சி என்று கேட்டேன். பதிலுக்கு அவன் உள்ளே ஓடி, பச்சையும் செந்நிறமுமான மோகன் பகான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மாமா முதலில் அழைத்துப் போனது மோகன் பகான் ஆட்டத்துக்காம்.

"சட்டை வாங்கிக் கொடுத்தது மாமாதானே?" என்றேன்.

"இல்லை, தாத்தா" என்றான் பையன்.

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு ஊர் போயிற்று, அதனால் கட்சி வந்தது. இவனுக்கு ஒன்றும் போகவில்லை. மாமா வாங்கிக் கொடுத்த மிட்டாய்க்காகக் கட்சி சேர்ந்திருக்கிறான். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பெரியவர் இப்போது இல்லை. 2024 ஆகஸ்டில், கல்கத்தாவில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்த பெண்ணைக் கற்பழித்துக் கொன்ற கொடுமைக்கு நியாயம் கேட்டு ஊரே கொதித்துக் கொண்டிருந்தது. 18-ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் பந்தயத்தை ரத்து செய்தார்கள். ஆனால் அபிமானிகள் ரத்தாகவில்லை. மூன்று கட்சியாரும் அவரவர் சட்டையோடு ஸால்ட் லேக் மைதானத்தின் வெளியே கூடி, ஒரே குரலில் நியாயம் கேட்டார்கள். போலீஸார் தடியடி செய்தும் கலையவில்லை.

அன்றிரவு சிநேகிதர் டெலிபோனில் பேசினார். பேரனும் போயிருந்தானாம். கூட்டத்தில் முண்டியடித்தபோது, சிவப்பு–மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் அவனைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தானாம்.

"யார் அந்தப் பையன்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அவன் வீட்டில் இலீஷ் சாப்பிடுவார்கள் என்பது மட்டும் நிச்சயம்" என்றார் சிநேகிதர்.