அசையாக் கட்டையில் அசையும் சுரம்



வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னிப் பெருநிலத்து மக்கள் திரள் திரளாகச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். கோயில் வீதியில் நாதசுரம் கேட்டோர் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். அக்கருவியின் விரல்துளைகள் ஏழே. ஆயினும் கலைஞர் மூச்சின் அழுத்தத்தாலும் விரலின் நெகிழ்ச்சியாலும் துளைக்கும் துளைக்கும் இடையே எண்ணிறந்த ஒலிகளைப் பிறப்பிக்கின்றார். கமகம் என நாம் போற்றுவது இதனையே. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடுவது. அசைவின்றி நிறுத்தினால் தோடியின் உயிர் போய்விடும்.

இத்தகைய மரபினுள் கட்டைக் கருவிகள் புகுந்த வரலாறு சுவையானது.

1842 இல் பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமை பெற்றார். 1875 இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதனைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக்கினார். அப்பெட்டி இசை நாடகத்துடன் வட இலங்கைக்கும் வந்தது. நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்டோர் அதன் துணையை மறவார். ஆனால் ஒரு கட்டைக்கு ஒரு சுரமே, அது வளையாது. இக்குறையை முதன்மைக் காரணமாகக் கூறியே 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அத்தடை தளரவில்லை.

வளையாத கட்டைக்கு வழி பிறந்தது மின்னியலில். 1964 இல் அமெரிக்காவில் றொபேட் மோக் என்னும் பொறியியலாளர் சிந்தசைசர் என்ற கருவியை ஆக்கினார். அதன் தத்துவம் எளிது. மின்னழுத்தம் உயர்ந்தால் சுருதி உயரும், தாழ்ந்தால் தாழும். ஒரு தாயிக்கு ஒரு வோல்ற்று. அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு சுரத்தானத்துக்கு. கட்டையை அழுத்துவது ஒரு மின்னழுத்தத்தைத் தெரிவு செய்வதே. ஆகவே அதனோடு வேறொரு சிறு மின்னழுத்தத்தைக் கூட்டினால், கட்டை அசையாதிருக்கவும் சுரம் அசையும்!

இவ்வாறு ஒலியை அசைப்பதையே மொடுலேசன் என்பர். நொடிக்கு ஐந்தாறு முறை ஏறியிறங்கும் மெல்லலையைச் சேர்த்தால் சுரம் நடுங்கும். ஒரு கட்டையிலிருந்து மறுகட்டைக்குத் தாவாது வழுக்கிச் செல்லவும் ஒரு திருகு உண்டு. 1970 இல் வந்த மினிமோக் கருவியில் இடக்கை அருகே இரு சக்கரங்கள் அமைந்தன: ஒன்று சுருதியை வளைக்க, மற்றையது அசைவைக் கூட்டிக் குறைக்க. 1977 இல் யமகா நிறுவனத்தின் சீஎஸ்-80, விரல் விழும் வேகத்தையும் விழுந்தபின் கொடுக்கும் அழுத்தத்தையும் உணர்ந்து ஒலியை மாற்றியது. மூச்சுக்கும் விரலுக்கும் இருந்த உரிமை ஓரளவு மீண்டது எனலாம்.

இந்தியாவில் 1969 இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்பார் மோக் கருவியை நிறுவினார். 1982 இல் சரண்ஜித் சிங் என்னும் பம்பாய்க் கலைஞர், சுரங்களை வழுக்கிச் செலுத்தவல்ல ரோலண்ட் கருவிகளில் பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அதனைக் கவனித்தோர் சிலரே. 2010 இல் மறுபதிப்பு வந்தபின் உலகே வியந்தது.

வன்னிக்கு இதனால் யாது என்பீர்களோ? போர்க்காலத்தில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி எம்மக்கள் வானொலியிற் கேட்ட திரைப்பாடல்களில் இக்கருவிகளின் ஒலியும் கலந்திருந்தது. இன்று எம் விழா மேடைகளிலும் மின்னிசைக் கட்டைகள் ஒலிக்கின்றன. அவற்றுள் பலவற்றின் சக்கரம் மேலும் கீழும் இரு சுரத்தானம் வளைக்கும். தோடியின் காந்தாரத்துக்கு அவ்வளவே போதும்.

எனினும் ஒன்று நினைவிற் கொள்க. இயந்திரம் தானாகத் தரும் அலை கடிகார ஊசல்போல் ஒரேசீரானது. கமகமோ ஓரிடத்தில் தங்கி, ஓரிடத்தில் விரைந்து, பொருளறிந்து அசைவது. ஆக்கியோர் அமைத்துத் தந்த அளவுகள் அவர்தம் இசைக்கு உரியவை. அவற்றை மாற்றாது வாசிப்பவர், மின்சாரம் கொண்டு பழைய ஆர்மோனியத்தையே வாசிப்பவராவார். ஆதலின் கட்டையிற் கைவைக்கும் இளைஞர் முதலில் நாதசுரத்துக்குச் செவி கொடுக்கட்டும். பின்னர் திருகைத் திருப்பட்டும். வளைவது கருவியாயினும், வளைப்பது செவியன்றோ!