துரைமாரின் மீனும் குளத்து மீனும்

நோர்வூட் நகரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குக் கெசல்கமு ஓயா என்று பெயர். பொகவந்தலாவை மலைகளிலே தோன்றி, எங்கள் ஊரைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலந்து, பின்னர் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வரும் ஆற்றோடு கூடிக் களனி கங்கையாகி, கொழும்பின் ஓரமாகக் கடலைச் சேர்வது அது. இதன் கரையிலே ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலுடன் அமர்ந்திருக்கும் இளைஞர்களைக் காணலாம். வேலையற்ற வேலை என்று அவர்களைப் பழிப்போர் உளர். யான் அவ்வாறு கூற மாட்டேன். ஆற்றங்கரையில் ஒரு பிற்பகலை வீணாக்கும் உரிமை மலையகத் தமிழனுக்கு எளிதிலே வாய்த்ததன்று. அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகச் சொல்ல முற்படுகின்றேன்.

மலையகத்து ஆறுகள் அழகானவை. ஆனால் மீன்வளம் குன்றியவை. கீழேயிருந்து ஏறிவரும் மீனை நீர்வீழ்ச்சிகள் தடுத்துவிடுகின்றன. நீரோ குளிர்ந்தது, விரைந்து பாய்வது. பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு மீன்களே இடையிடையே உண்டு. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள ஹோர்டன் சமவெளியின் ஓடைகளில் நாட்டு மீன் ஒன்றேனும் இல்லை என்பர் ஆராய்ச்சியாளர். கோப்பித் தோட்டங்களை அமைக்க வந்த ஆங்கிலேயருக்கும் ஸ்கொத்லாந்துக்காரருக்கும் இது பெருங்குறையாகத் தோன்றிற்று. அவர்தம் நாட்டிலே தூண்டில் மீன்பிடிப்பு வெறும் பொழுதுபோக்கன்று, ஒரு பண்பாடு. ஐசக் வால்ட்டன் என்பார் 1653இல் இக்கலையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அங்கே படிக்கப்படுகிறது. பனி, பசும்புல், ஓடை, குதிரைப் பந்தயம் எல்லாம் நுவரெலியாவில் அமைந்துவிட்டன. இல்லாதிருந்தது டிரவுட் மீன் ஒன்றே.

அதையும் 1882இல் கொண்டுவந்தனர். பிரித்தானியாவிலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் கப்பலேறின. உயிர் கெடாமல், சூடு தட்டாமல், வெப்ப மண்டலக் கடலைக் கடந்து முட்டையைக் கொண்டுவருதல் எளிய காரியமன்று. புகைவண்டி ஹட்டனை எட்டியதோ 1884இலே. நானு ஓயாவை எட்டியது 1885இலே. ஆகையால் அம்முதற் பெட்டிகள் மலையின் இறுதிப் பகுதியை மாட்டு வண்டியிலோ மனிதர் தலையிலோதான் ஏறியிருக்க வேண்டும். அந்தத் தலைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. நமக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

பழுப்பு டிரவுட் இங்கே நன்கு இனம்பெருகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வந்த வானவில் டிரவுட்டுதான் வேரூன்றிற்று. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் இம்மீன், சரளைக்கல் நிறைந்த குளிர் ஓடையிலே முட்டையிடும். வெதுவெதுப்பான நீரில் மூச்சுத் திணறும். 1896இல் ‘சிலோன் ஃபிஷிங் கிளப்’ என்ற சங்கம் தோன்றியது. ஓடைகளில் குஞ்சு விடுதல், காவல் காத்தல், அனுமதிச் சீட்டு வழங்குதல் ஆகியவை அதன் பொறுப்பாயின. மண்புழுவைக் கோப்பது அவர்களுக்கு இழுக்கு. இறகையும் நூலையும் கொண்டு ஈயைப் போல் ஒன்றைக் கட்டி, அதனை நீரின் மேற்பரப்பிலே பறக்கவிட்டு மீனை ஏமாற்றுவதே கண்ணியமான முறை. கலை என்ற அளவில் அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. நீரின் போக்கு, காற்றின் திசை, பூச்சியின் பருவம் ஆகிய மூன்றையும் அறியாதவன் அங்கே வெறுங்கையோடு திரும்புவான்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. நீலகிரியிலும் இதே ஆசை எழுந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் அங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907ஐ ஒட்டி வில்சன் என்பார் அவலாஞ்சியிலே குஞ்சு பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். சில ஆண்டுகளில் அம்மலைக்கு இலங்கையிலிருந்தும் டிரவுட் முட்டைகள் சென்றன. மனிதர் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த காலத்திலே, மீன் இங்கிருந்து அங்கே போயிற்று!

மனிதரிடம் வருவோம். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய வறண்ட சீமைகளிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோர் மீன்பிடிக்கத் தெரியாதவர்களா? அவர்கள் ஊரில் ஆறு இல்லாதிருக்கலாம். கண்மாயும் குளமும் உண்டு. கோடையிலே நீர் வற்றி முழங்கால் அளவாகும்போது ஊர்ப் பெரியவர் நாள் குறிப்பார். அந்நாளில் சுற்றுப்பட்டி மக்கள் அனைவரும் கரையிலே கூடுவர். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணும் சிறுவரும் ஒருசேரக் குளத்தில் இறங்குவர். வாயகன்ற பிரம்புக்கூடையாகிய ஊத்தாவைச் சேற்றிலே கவிழ்த்து, மேல்துளை வழியாகக் கையைவிட்டு மீனைப் பிடிப்பர். வலையும் கச்சாவும் கொண்டு வருவோரும் உண்டு. புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் இம்மீன்பிடித் திருவிழா இன்றும் நடைபெறுகிறது. அதற்குச் சீட்டு இல்லை. குறித்த நாளுக்கு முன் குளத்தில் இறங்கலாகாது என்பதே சட்டம்.

அந்தச் சேற்றிலே அகப்படுபவற்றுள் விராலும் கெளுத்தியும் முதன்மையானவை. கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. பூனைக்கு உள்ளதுபோல் மீசை உண்டு. அம்மீசையால் இருளிலும் கலங்கல் நீரிலும் இரையைத் தேடும். முதுகில் ஒன்றும் தோள்புறத்தில் இரண்டுமாக மூன்று முட்கள். தேளி என்னும் வகையின் பெயரிலேயே தேள் இருக்கிறது; அதன் முள் குத்தினால் கடுப்பு எளிதில் அடங்காது. கழுத்துப்புறத்திலே, தோள்முட்களின் பின்னால் விரலைக் கொடுத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அங்கே எட்டு வயதுச் சிறுவனும் அறிவான். வாளையும் இவ்வினத்தின் உறவுதான். குளக்கரை மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்வும் காட்சியை ஆலங்குடி வங்கனார் குறுந்தொகையிலே வைத்திருக்கிறார். நம் புலவர்களுக்கு அம்மீன் அத்துணை அறிமுகம்.

இத்தகைய கையறிவோடு வந்தவர்களுக்கு மலைநாட்டிலே கிடைத்தது என்ன? கெளுத்தி குளிர் ஓடை மீனன்று. களனியின் தாழ்நிலப் பகுதியிலே, ஆறு தளர்ந்து நடக்கும் இடங்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் அது வாழும். சிங்களவர் மகுரா என்றும் ஹுங்கா என்றும் அழைக்கும் வகைகளை அங்குள்ளோர் மழை பெய்து நீர் கலங்கிய இரவுகளில் மண்புழு கோத்துப் பிடிப்பர். மேலே தோட்டத்திலோ விடியுமுன் பெரட்டு. பிறகு அந்திவரை கொழுந்து அல்லது கவ்வாத்து. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் காடெல்லாம் அரசுடைமையாகி, பின்னர் தோட்டங்களாக விற்கப்பட்டது. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் வருவதே குற்றமாக இருந்த காலம் அது. டிரவுட் விடப்பட்ட ஓடையோ சங்கத்தின் காவலில். ஆகவே மீனறிந்தவனுக்கு ஓய்வில்லை, நீரில்லை. ஓய்வுடையவனுக்கு மீன் கப்பலில் வந்தது. பொழுதுபோக்கின் வரலாறு என்பது யாரிடம் பொழுது இருந்தது என்பதன் வரலாறே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலைமை மாறியது டிரவுட்டால் அன்று, அணைகளால். 1915இல் ஐரோப்பியக் கெண்டையும் 1952இல் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியாவும் இலங்கைக்கு வந்தன. மின்சாரத்துக்காக 1950இல் நோட்டன் பிரிட்ஜிலும், 1965இல் காசல்ரீயிலும், 1969இல் மவுசாகலையிலும் நீர் தேக்கப்பட்டது. தேயிலை மலைகள் மூழ்கின. பழைய மஸ்கெலியாக் கடைவீதி, கோவில், விகாரை எல்லாம் நீருக்குள் சென்றன; கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அவற்றின் எச்சங்களை இன்றும் காணலாம். இழப்புப் பெரிது. ஆயினும் பாய்ந்தோடிய நீர் முதன்முறையாக எங்கள் வாசலிலே நின்றது. நின்ற நீரில் கெண்டையும் திலாப்பியாவும் பெருகின. கண்மாயை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கண்மாய் கிடைத்தது போலாயிற்று.

ஆனால் அந்தக் கரையிலே நின்றவர்களிற் பலர் நெடுநாள் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அவர்களைப் பற்றி 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பந்தம் செய்தனர்; 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று அதில் எழுதப்பட்டது. காசல்ரீ அணை நிறைவெய்தியது அடுத்த ஆண்டிலே. அவ்வாறு சென்றவர்களிற் சிலருக்கு, 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அம்மலையின் உயரத்து ஓடைகளிலே இலங்கையிலிருந்து போன டிரவுட்டின் வழித்தோன்றல்கள் அவர்களுக்கு முன்னரே குடியேறியிருந்தன. மீனுக்கு எவரும் குடியுரிமைச் சான்று கேட்டதில்லை.

இங்கே எஞ்சியவர்களின் மீனுக்கும் சோதனை வந்தது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் கருத்தின் பேரில் 1990இல் உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. குஞ்சு விடுவார் இல்லை. 1994இலே அவ்வாதரவு மீண்டது. 1990களின் இறுதியில் இதற்கெனத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது.

வந்தேறி மீன்கள் நன்மை மட்டுமே செய்தன என்றும் கூறுதற்கில்லை. ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கே பெலிஹுல் ஓயாவின் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளத்தில் மாத்திரமே வாழும் ஒரு குட்டி இறால் இனம் உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. அதே ஓடையில் வானவில் டிரவுட்டும் வாழ்கிறது. இறால் டிரவுட்டுக்கு நல்ல இரை. தாழ்நில நீர்நிலைகளிலோ, கண்ணாடித் தொட்டிகளிலிருந்து தப்பிய தென்னமெரிக்கக் கெளுத்தி வகை பரவி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டுடம்பும் உறிஞ்சும் வாயும் உடைய அதனை வாங்குவார் இல்லை. வளர்த்துச் சலித்தவர்கள் ஆற்றிலே விட்டுவிடுகிறார்கள். டிரவுட்டைக் கொண்டுவந்தவர்களாவது முட்டையை எண்ணி, ஓடையைத் தேர்ந்து விட்டார்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பிடித்து வருவது பெரும்பாலும் திலாப்பியாவே. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி முள்ளில் கோத்தால் போதும் என்கிறார்கள். அண்மையில் ஒரு மாணவன், ஆற்று மீன் எதுவாயினும் கழுத்துப்புறத்தில் அமுக்கித்தான் பிடிக்க வேண்டும் என்று பாட்டனார் கற்பித்ததாகச் சொன்னான். திலாப்பியாவுக்கு அவ்வளவு எச்சரிக்கை வேண்டியதில்லை. அதன் முதுகு முள்ளை மடக்கிவிட்டால் போதும். அது கெளுத்தியைப் பிடிக்கும் முறை என்று அவனுக்கு விளக்கினேன். கெளுத்தியை அவன் கண்டதில்லையாம்; அவன் பாட்டனாரும் கண்டதில்லையாம்.